பச்சை தெரிந்தால் புரதம் இருப்பதாகிவிடுமா?

கேள்வி: 2024 மே 21
"அண்ணாச்சி, ஜிலேபிக் கெண்டையின் செவுளில் சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ் என்ற புரதத்தைத் தேடுகிறேன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே நல்ல தண்ணீரில் பிடித்த மீன் மூன்று, புன்னைக்காயல் முகத்துவாரத்தில் பிடித்த மீன் மூன்று. சுண்டெலி எதிர்ப்பொருள் போட்டேன். அதன் மேல் பச்சைச் சாயம் ஏற்றிய ஆட்டு எதிர்ப்பொருள் போட்டேன். நுண்ணோக்கியில் எல்லாம் பளிச்சென்று ஒளிர்கிறது, புன்னைக்காயல் மீனில் இன்னும் அதிகம். ஆகவே உப்புத் தண்ணீரில் இந்தப் புரதம் கூடுகிறது என்று ஆய்வேட்டில் எழுதினேன். வழிகாட்டி கையெழுத்துப் போட மறுக்கிறார். நான் செய்ததில் என்ன தவறு?"

மே 21, இரவு
வழிகாட்டி மறுத்தது சரி. தம்பி, முதல் எதிர்ப்பொருள் போடாத ஸ்லைடு எங்கே? அதே மீன், அதே செவுள், அதே திசுச் சீவல். எல்லாம் அப்படியே செய்து, சுண்டெலி எதிர்ப்பொருளுக்குப் பதிலாக, அதைக் கரைக்கும் வெறும் உப்புக் கரைசலை (பஃபர்) மட்டும் ஊற்றிய ஸ்லைடு ஒன்று வேண்டும். அது இருட்டாக இருந்தால்தான் மற்றதில் தெரியும் பச்சையைப் பற்றிப் பேசவே தொடங்கலாம். உங்கள் கேள்வியில் அப்படி ஒரு ஸ்லைடு இருப்பதாகச் சொல்லவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம். முதல் எதிர்ப்பொருள் தேடும் புரதத்தைப் பிடிக்கும், அதற்குச் சாயம் இல்லை. இரண்டாவது, சுண்டெலியின் எதிர்ப்பொருள் எதுவானாலும் பிடித்துக்கொள்ளும்படி ஆட்டில் உண்டாக்கியது. சாயம் இதில்தான் ஒட்டியிருக்கிறது. ஒரு முதலாவதின் மேல் இரண்டாவது பல வந்து ஏறுவதால் வெளிச்சம் பெருகுகிறது. ஆனால் இரண்டாவது தவறான இடத்தில் ஒட்டினாலும் அதே பச்சைதான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2006-இல், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஆய்வகத்தில் சுண்டெலியின் சிறுநீரகச் சீவல்களுக்குச் சுண்டெலி எதிர்ப்பொருளே போட்டோம். திசுவின் இடுக்குகளெல்லாம் கோலம் போட்டது போலப் பச்சை. மூன்று மாதம் அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தோம். சுவரொட்டி அச்சடித்தாயிற்று. கருத்தரங்கில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "முதலாவது போடாத ஸ்லைடைக் காட்டுங்கள்" என்றார். திரும்பி வந்து அன்று இரவே செய்து பார்த்தோம். அதிலும் அதே கோலம். சுண்டெலியின் திசுவில் அதன் சொந்த எதிர்ப்பொருள் ஊறிக் கிடக்கிறது. ஆட்டினுடையது அதைப் போய்ப் பிடித்திருக்கிறது. நாங்கள் தேடிய புரதம் அந்த ஒளியில் எத்தனை பங்கு என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அந்த வேலையைத் தன் ஆய்வாக எடுத்திருந்த மாணவி ஓராண்டை இழந்தார். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது.

மே 22, காலை
நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். என் கதை சுண்டெலித் திசுவுக்குச் சுண்டெலி எதிர்ப்பொருள் போட்ட கதை. தம்பியிடம் இருப்பது மீன். மீனின் உடலில் சுண்டெலி எதிர்ப்பொருள் இருக்க வழியில்லை, ஆகவே அந்தக் குறிப்பிட்ட ஆபத்து இங்கே இல்லை. வேறு ஆபத்துகள் இருக்கின்றன. வெற்று ஸ்லைடு இல்லாமல் முடியாது என்பதில் மாற்றமில்லை.

மே 22, மதியம்
கேமராவைத் தானியங்கியில் வைத்தா படம் எடுத்தீர்கள்? அப்படியானால் "இதில் அதிகம், அதில் குறைவு" என்ற பேச்சே எடுபடாது. மங்கலான ஸ்லைடுக்கு கேமரா தானே ஒளி வாங்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளும், பளிச்சென்ற ஸ்லைடுக்குக் குறைத்துக்கொள்ளும். மிகப் பிரகாசமான ஸ்லைடை முதலில் வைத்து, எந்தப் புள்ளியும் வெள்ளையாக முட்டிப் போகாதபடி நேரத்தை நிறுத்துங்கள். பிறகு ஆறு மீனுக்கும் வெற்று ஸ்லைடுக்கும் அதே நேரம். தாளில் எழுதி நுண்ணோக்கியிலேயே ஒட்டிவிடுங்கள்.

மே 25
தம்பி பதில் எழுதியிருக்கிறார்: தானியங்கிதான். வெற்று ஸ்லைடு செய்யவில்லை. "செய்முறைத் தாளில் எழுதியபடி இரண்டாம் எதிர்ப்பொருளை அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வைத்தேன், ஓரங்களில் மட்டும் பச்சை மிக அதிகமாக இருந்தது" என்றும் சொல்கிறார்.

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். அந்தத் தாள்களை எழுதியவர்களின் அறை 20 அல்லது 25 டிகிரி. பாளையங்கோட்டையில் மே மாதம் குளிர்சாதனம் நின்றுபோன ஆய்வகத்தின் "அறை வெப்பநிலை" என்னவென்று நமக்குத் தெரியும். ஸ்லைடின் மேல் நாம் வைப்பது நூறு மைக்ரோலிட்டர், இரண்டு மூன்று சொட்டு. மின்விசிறிக் காற்றில் ஓரம் முதலில் காயும். காய்ந்த இடத்தில் எதிர்ப்பொருள் செறிந்து திசுவோடு அப்பிக்கொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஓரத்தில் வட்டமாக ஒளிர்வது புரதம் அல்ல, காய்ந்த சாயம்.

நான் பல ஆண்டுகளாகச் செய்வது இது. மூடி இறுக்கமான எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று. அடியில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, அதன் மேல் இரண்டு கண்ணாடிக் குச்சிகள், குச்சிகளின் மேல் ஸ்லைடுகள் மட்டமாக. மூடினால் உள்ளே இருட்டும் கிடைக்கும், ஈரமும் நிற்கும். முதல் எதிர்ப்பொருளை அந்தப் பெட்டியோடு குளிர்பெட்டியில் 4 டிகிரியில் இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். இரண்டாவதற்கும் வெயில் காலத்தில் குளிர்பெட்டிதான் நல்லது, நேரத்தைச் சற்றுக் கூட்டினால் போதும். பெட்டி சாய்ந்திருக்கக் கூடாது. சாய்ந்தால் சொட்டு ஒரு பக்கம் ஓடி, பாதிச் சீவல் எதிர்ப்பொருளே படாமல் கிடக்கும்.

ஜூன் 2
"திசு தானாகவே ஒளிருமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒளிரும். வீட்டிலேயே பார்க்கலாம்.

கடையம், பாபநாசம் பக்கம் வீடுகளில் வேங்கை மரக் குவளை இருக்கும். என் ஆச்சி ஒன்று வைத்திருந்தார். அதில் இரவில் ஊற்றி வைத்த தண்ணீர் காலையில் தேன் நிறமாகியிருக்கும். அதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, வெயிலில், பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் நீலம் ஓடும். சிறு வயதில் அந்த நீலத்துக்காகவே முற்றத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடுவேன். மரத்திலிருந்து இறங்கிய பொருள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, நீலமாகத் திருப்பித் தருகிறது. வாங்கும் ஒளியை விடத் தரும் ஒளியின் அலைநீளம் கூடுதல். ஸ்டோக்ஸ் என்பவர் 1852-இல் கொய்னா மருந்தை வைத்து விளக்கியது இதைத்தான். நாம் பயன்படுத்தும் எஃப்.ஐ.டி.சி. என்ற பச்சைச் சாயமும் அப்படியே: 495 நானோமீட்டர் அளவில் நீலத்தை வாங்கி 519 அளவில் பச்சையைத் தருகிறது. நுண்ணோக்கியின் ஃபில்டர் நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் கண்ணுக்கு விடுகிறது.

சமையல் மஞ்சளும் ஒளிரும். சாராயத்தில் ஊறிய வாழையிலையின் பச்சையம் புற ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிரும். அப்படியிருக்க, நாம் சாயம் போடுவதற்கு முன்பே திசுவுக்கும் சொந்த வெளிச்சம் இருப்பதில் வியப்பில்லை.

இந்த முறையைக் கண்டுபிடித்தவரே இந்தச் சிக்கலோடுதான் தொடங்கினார். ஆல்பர்ட் கூன்ஸ், அமெரிக்க மருத்துவர். 1939-இல் பெர்லினில் இருந்தபோது, மூட்டுக் காய்ச்சலில் திசுவுக்குள் கிருமியின் பொருள் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க, எதிர்ப்பொருளிலேயே ஒளிரும் பொருளைக் கட்டிவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஹார்வர்டில் 1941-இல் முதல் கட்டுரை வந்தது. முதலில் கட்டிய சாயம் நீலமாக ஒளிர்வது. திசுவின் சொந்த ஒளியும் நீலம் கலந்தது. இரண்டையும் பிரிக்க முடியாமல்தான் பச்சைக்கு மாறினார். நம் ஆய்வகங்களில் இன்றும் பச்சையே முதல் சாயமாக இருப்பதற்குப் பின்னால் அந்த இடறல் இருக்கிறது.

ஜூன் 9
தம்பி வெற்று ஸ்லைடு செய்து படம் அனுப்பியிருக்கிறார். ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பொருள் போட்ட ஸ்லைடில் இரண்டு வகைப் பச்சை இருக்கிறது. ஒன்று, செவுள் இழையின் மெல்லிய தட்டுகளுக்குள் வரிசையாக நீள்வட்டங்கள், உடல் முழுதும் ஒரே மாதிரி மங்கிய மஞ்சள் கலந்த பச்சை. மற்றொன்று, தட்டுகள் கிளம்பும் அடிவாரத்தில் உருண்டையான பெரிய செல்கள். உடல் முழுதும் பச்சை, நடுவில் உட்கரு மட்டும் கறுப்புப் பொத்தான் போல. வெற்று ஸ்லைடில் முதல் வகை அப்படியே இருக்கிறது. இரண்டாம் வகை அடியோடு காணவில்லை.

முதல் வகை இரத்தச் சிவப்பணுக்கள். ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய திசுவில் அவை தாமாகவே ஒளிரும். மீனின் சிவப்பணு நீள்வட்டமானது, அதற்கு உட்கருவும் உண்டு. அதனால்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் அதைத் திசுச் செல் என்று எண்ணிவிடுகிறார்கள். சிவப்பு ஃபில்டரை மாற்றிப் பாருங்கள், தம்பி. சொந்த ஒளி பரந்தது, சிவப்பிலும் தெரியும். நீங்கள் போட்ட சாயம் பச்சையோடு நின்றுவிடும்.

இரண்டாம் வகைதான் நீங்கள் தேடியது: மீனின் உடலில் உப்பைச் சமன்செய்யும் குளோரைடு செல்கள். இந்தப் புரதம் அந்தச் செல்லின் அடிப்புற, பக்கவாட்டுச் சவ்வில் இருக்கிறது. அந்தச் சவ்வு குழாய்களாக மடிந்து செல்லின் உள்ளெல்லாம் பரவியிருப்பதால் உடல் முழுதும் ஒளிர்ந்து உட்கரு மட்டும் இருட்டாகத் தெரிகிறது. ஒளி இருக்கிறதா என்பதோடு, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஜூன் 9, இரவு
சிவப்பு ஃபில்டரில் சிவப்பணுக்கள் தெரிகின்றனவாம். குளோரைடு செல்கள் தெரியவில்லையாம். மிக்க மகிழ்ச்சி.

ஜூன் 16
"பழைய எதிர்ப்பொருள் புட்டியை நம்பலாமா?" என்ற கேள்விக்கு என் அனுபவம்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் நின்றது, மின்சாரம் போனது, நான் வேலை பார்க்கும் இடத்துக்கு நான்காம் நாள்தான் போக முடிந்தது. உறைபெட்டியைத் திறந்தபோது அடியில் நீர் தேங்கி, புட்டிகள் வெதுவெதுப்பாக மிதந்தன. எழுதியிருந்த பெயர்கள் பாதி அழிந்துவிட்டன. அந்தப் பெட்டியில் எட்டு ஆண்டுகளாகச் சேர்த்தது இருந்தது. அன்று நான் எதையும் தொடவில்லை. மூடியை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொன்னார்கள். நான் கொட்டவில்லை. பெயர் தெரிந்தவற்றை மட்டும் பொறுக்கி, வெள்ளத்துக்குப் பின் வாங்கிய புதுப் புட்டியோடு பக்கத்துப் பக்கத்துச் சீவல்களில் ஒப்பிட்டுப் பார்த்தேன். சாயமில்லாத முதல் எதிர்ப்பொருள்களில் பல பிழைத்திருந்தன. ஒன்றை ஐந்நூறில் ஒரு பங்காகக் கரைத்து வந்தோம், இப்போது இருநூறில் ஒரு பங்கு போட வேண்டியிருந்தது. மற்றொன்று பழையபடியே. என்சைம் கட்டிய புட்டிகள் எல்லாம் போயின.

எதிர்ப்பொருளை அதிகம் கெடுப்பது திரும்பத் திரும்ப உறைவதும் உருகுவதும்தான். ஆகவே வாங்கிய அன்றே பத்துப் பத்து மைக்ரோலிட்டராகச் சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள். தானாகப் பனி உருக்கும் உறைபெட்டி வேண்டாம். அது நாள்தோறும் கொஞ்சம் சூடாகிக் குளிர்கிறது. சாயம் கட்டியவற்றை 4 டிகிரியில், அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வையுங்கள். குழாயின் மேல் எழுதுவதைப் பென்சிலில் எழுதி ஒட்டுங்கள். மை தண்ணீரில் போய்விடும், பென்சில் போகாது.

ஜூன் 23
அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகளின் இரத்தப் பரிசோதனைத் தாளில் ஏ.என்.ஏ. 1:80, புள்ளிப் புள்ளியாக ஒளிர்வு என்று இருக்கிறதாம், வீடே கலங்கிப் போயிருக்கிறதாம்.

அம்மா, அதுவும் இதே வித்தைதான், திருப்பிப் போட்டது. ஸ்லைடில் ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்கள் இருக்கும். அதன் மேல் உங்கள் மகளின் சீரத்தை ஊற்றுவார்கள். உட்கருவைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் (அதுதான் ஏ.என்.ஏ.) அதில் இருந்தால் செல்லில் ஒட்டும். மனித எதிர்ப்பொருளைப் பிடிக்கும் சாயமேற்றிய எதிர்ப்பொருள் அதைக் காட்டிக்கொடுக்கும். 1:80 என்றால் சீரத்தை எண்பது மடங்கு கரைத்த பிறகும் ஒளி தெரிந்தது என்று பொருள். 1997-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், நோய் ஏதுமற்றவர்களிலேயே நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு 1:80-இல் ஒளிர்ந்தது. 1:160-இல் 5 பேருக்கு. இந்தத் தாளை மட்டும் வைத்து நோய் என்று யாரும் சொல்ல முடியாது. மூட்டு வலி, தோல் தடிப்பு, சிறுநீர்ப் பரிசோதனை இவற்றோடு சேர்த்து மூட்டு நோய் மருத்துவர் பார்க்க வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு போங்கள். அதற்குள் கலங்காதீர்கள்.

ஜூன் 24
மேலே எழுதியதைப் பார்த்து ஒருவர், வெறிநாய்ச் சோதனையும் இப்படித்தானா என்கிறார். ஆம். இறந்த நாயின் மூளைத்தண்டு, சிறுமூளை இவற்றை ஸ்லைடில் ஒற்றி, அசிட்டோனில் நிலைப்படுத்தி, சாயம் நேராக எதிர்ப்பொருளிலேயே கட்டியதைப் போடுவார்கள். வைரஸ் இருந்தால் ஆப்பிள் பச்சையில் துகள்கள் ஒளிரும். 1958 முதல் இருக்கும் முறை. ஆனால் யாரையாவது நாய் கடித்தால் அந்த முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை 7
மே 21-இல் எழுதியதை மறுபடி படித்தேன். முதலாவது போடாத ஸ்லைடு இருட்டாக இருந்தால் பேசத் தொடங்கலாம் என்றேன். தொடங்கலாம் என்பது சரிதான், ஆனால் அத்தோடு முடிந்துவிட்டது போல் படிப்பவருக்குத் தோன்றும். அது தவறு. அந்த ஸ்லைடு இரண்டாம் எதிர்ப்பொருளையும் திசுவின் சொந்த ஒளியையும் மட்டுமே சோதிக்கிறது. முதலாவது வேறு ஏதோ புரதத்தைப் பிடித்திருந்தால் அது கண்டுபிடிக்காது.

ஆகவே இன்னும் இரண்டு வேலை. ஒன்று, அதே வகை சுண்டெலி எதிர்ப்பொருள், ஆனால் மீனில் எதையும் தேடாதது, அதே அளவில் போட்ட ஸ்லைடு. இன்னொன்று, செவுளை அரைத்துப் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, அதே எதிர்ப்பொருளால் பட்டை பார்ப்பது. இந்தப் புரதத்தின் பெரிய துணையலகு 100 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவில் ஒரே பட்டையாக வர வேண்டும். ஐந்தாறு பட்டைகள் வந்தால் ஸ்லைடில் ஒளிர்வது எது என்று சொல்ல முடியாது. தம்பியிடம் இருப்பது கோழியின் இதே புரதத்துக்கு எதிராகச் சுண்டெலியில் உண்டாக்கிய எதிர்ப்பொருள். கோழிக்கும் மீனுக்கும் மாறாமல் இருக்கும் பகுதியை அது பிடிப்பதால் உலகெங்கும் மீன் செவுளுக்குப் பயன்படுத்துகிறார்கள். என்றாலும் நம் மீனில், நம் ஆய்வகத்தில் பட்டை பார்த்தாக வேண்டும்.

ஜூலை 8
பட்டை பார்க்கும் வசதி தம்பியின் கல்லூரியில் இல்லையாம். செவுளை உறைய வைத்து எடுத்து வாருங்கள், இங்கே செய்து தருகிறேன்.

ஜூலை 21
வந்தார். ஐஸ் பெட்டியோடு திருச்செந்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரே பட்டை, சரியான இடத்தில். இருவரும் மதியச் சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நுண்ணோக்கி வேலைதான் பாதியில் நின்றது. எங்களிடம் இருப்பது பழைய பாதரச விளக்கு. மூன்று மணிக்கு மின்சாரம் போய் ஐந்து நிமிடத்தில் வந்தது. சூடாக இருக்கும் பாதரச விளக்கை உடனே ஏற்றினால் வெடிக்கக்கூடும். அரை மணி நேரம் ஆற விட வேண்டும். தம்பி அவசரப்பட்டுக் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். காத்திருந்த நேரத்தில் கவர் ஸ்லிப்பின் ஓரங்களில் நகப்பூச்சு தடவினார். நல்ல கை. ஒரு குமிழி இல்லை.

ஆகஸ்ட் 4
எண்ணச் சொல்லியிருந்தேன். ஒளியின் அளவை விட்டுவிட்டு, உட்கரு இருட்டாகவும் உடல் பச்சையாகவும் தெரியும் செல்களை மட்டும், எந்த மீன் என்று தெரியாதபடி ஸ்லைடின் பெயரைக் காகிதத்தால் மறைத்து எண்ண வேண்டும். அவருடைய தங்கை எண்ணியிருக்கிறார். புன்னைக்காயல் மீனின் செல்கள் பெரிதாக இருக்கின்றன, மூன்று மீனிலும். எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முதலில் "பச்சை அதிகம்" என்று தெரிந்ததில் பெரும்பங்கு இரத்தமும் காய்ந்த ஓரமும்தான். ஆனால் செல் பெரிதாக இருப்பது உண்மை. தம்பி முதலில் எழுதியதை விட இது நல்ல முடிவு.

உப்புதான் காரணம் என்று எழுதலாமா என்று கேட்கிறார். வேண்டாம். ஆற்று மீனுக்கும் முகத்துவார மீனுக்கும் தீனி வேறு, வயது வேறு, தண்ணீரின் சூடு வேறு. ஸ்ரீவைகுண்டம் மீனையே தொட்டியில் விட்டு, நாளுக்குக் கொஞ்சமாக உப்பைக் கூட்டிப் பார்த்தால் அப்போது எழுதலாம். ஜிலேபிக் கெண்டை அதைத் தாங்கும். அடுத்த ஆண்டுக்கு அந்த வேலை இருக்கட்டும்.

செப்டம்பர் 1
வழிகாட்டி கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்பதாம் படத்தில் வெற்று ஸ்லைடையும் அதே அளவில், அதே நேரம் எடுத்தது என்ற குறிப்போடு சேர்க்கச் சொல்லியிருந்தேன். அச்சுக் கடையில் ஏறக்குறைய கறுப்பாக இருந்த அந்தச் சதுரத்தைப் பார்த்துவிட்டு, படம் விழவில்லை என்று எடுத்துவிடப் பார்த்தார்களாம். தம்பி கடைக்காரர் பக்கத்திலேயே நின்று, ஐந்து பிரதியிலும் அது இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைண்டிங்குக்கு விட்டிருக்கிறார்.